ஜப்பானுக்குத் தமிழ் வழியாகப் போங்கள்

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து பயிற்சிக்காக ஜப்பான் போகிறவர்களுடன் கூடப் போவது என் வேலை. சம்பளப் பட்டியலில் மொழிபெயர்ப்பாளர் என்று இருக்கும். நடைமுறையில் சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை, ரயில் நிலையம், பல் டாக்டர் என்று எல்லா இடத்துக்கும் நான்தான் துணை. பெரும்பாலும் ஹமாமட்ஸுவுக்குத்தான் போவோம். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவில், ஷிஸுவோகா மாகாணத்தில் இருக்கும் ஊர். மோட்டார் சைக்கிள், பியானோ, விலாங்கு மீன் மூன்றுக்கும் பேர்போனது.

அங்கே நம் ஆட்களுக்கு நேர்ந்த வேடிக்கைகளை ஊர் திரும்பியதும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சிரித்து முடித்த பிறகு எனக்கு ஒவ்வொரு முறையும் ஒன்று தோன்றும். இந்தக் குழப்பங்களில் பாதிக்கு மேல் ஜப்பானிய மொழி தெரியாததால் வருவதில்லை. நாம் முதலில் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ஜப்பானியத்துக்குப் போகப் பார்ப்பதால் வருகின்றன. தமிழிலிருந்து நேராகப் போனால் வழி சுருக்கம். இதை ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிச் சொல்லிவிட்டு, தமிழே ஒருவரை மாட்டிவிட்ட கதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் குழுவில் வெல்டிங்கில் கைதேர்ந்த அண்ணன் ஒருவர் இருந்தார். நல்ல வேலையைப் பார்த்தால் வாய்விட்டுப் பாராட்டுகிற மனுஷர். அங்கே முப்பது வருஷ அனுபவமுள்ள ஒரு ஜப்பானியத் தொழிலாளி வெல்டிங் போட்டுக் காட்டினார். கோடு இழுத்த மாதிரி வந்தது. நம் அண்ணன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கட்டைவிரலை உயர்த்தி, "பக்கா! பக்கா!" என்றார்.

ஜப்பானிய மொழியில் 'பகா' என்றால் முட்டாள். அந்தப் பெரியவர் கையிலிருந்த முகக்கவசம் அப்படியே நின்றுவிட்டது. சுற்றி நின்ற இளைஞர்கள் தரையைப் பார்த்தார்கள். அண்ணனோ முகமெல்லாம் மலர்ந்து மூன்றாவது தடவையும் சொன்னார். நான் ஓடிப்போய், இது எங்கள் ஊரில் 'குறையே இல்லாத வேலை' என்று அர்த்தம் என்று விளக்கினேன். பெரியவர் ஒரு விநாடி யோசித்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பு பட்டறையின் அந்தக் கோடி வரை கேட்டது. அந்தப் பயிற்சி முடியும் வரை அந்தப் பட்டறையில் யார் நல்ல வேலை செய்தாலும் "பக்கா!" என்றுதான் கத்தினார்கள். ஜப்பானியர்களே ஒருவரை ஒருவர் பார்த்து!

இது தற்செயலான ஒலி ஒற்றுமை. யாருக்கும் நடக்கும். நான் சொல்ல வந்தது இதைவிட ஆழமான குழப்பங்களை.

முதலாவது 'ஹாய்'. ஜப்பானியத்தில் 'ஆம்' என்பதற்கு 'ஹாய்' என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. முதல் நாள் காலையில், மேற்பார்வையாளர் ஒருவர் 'ஹாய்' என்று தலையை அசைத்தார். நம் பையன் ஒருவன், தனக்கு வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து, "ஹாய் சார்" என்றான். அவர் மறுபடி 'ஹாய்' என்றார். இவனும் 'ஹாய்' என்றான். நான் வந்து சேரும் வரை இருவரும் மிகுந்த மரியாதையோடு அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அது சின்ன விஷயம். பெரிய விஷயம் கூட்டங்களில் வரும். நம் தரப்பு ஆங்கிலத்தில் ஒன்று சொல்லும், அந்தத் தரப்பு மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டே 'ஹாய், ஹாய், ஹாய்' என்று சொல்லும். நம்மவர்கள் குறிப்பேட்டில் 'ஒப்புக்கொண்டார்கள்' என்று எழுதிக்கொள்வார்கள். மறுநாள் பார்த்தால் எதையும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று நம் ஆட்களுக்குக் கோபம் வரும்.

பாட்டி கதை சொல்லும்போது நாம் 'ம்' கொட்டுவோம் இல்லையா, அதுதான் அந்த 'ஹாய்'. 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்' என்று அர்த்தம். 'ம்' கொட்டினால் கதையில் வரும் ராஜா செய்ததை எல்லாம் ஒப்புக்கொண்டேன் என்று ஆகாது. 'ம்' நின்றுபோனால்தான் பாட்டி, "தூங்கிட்டியா?" என்பாள். ஜப்பானியர்களும் அப்படித்தான், எதிராளி ஒலி எழுப்பாமல் கேட்டால் தவித்துப்போவார்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே 'மோஷி மோஷி' என்று, அதாவது ஹலோ, இருக்கிறீர்களா என்று, கேட்டுவிடுவார்கள். இந்த 'ம்' கொட்டுதலுக்கு அவர்கள் மொழியில் 'ஐஸுச்சி' என்று பெயர். கொல்லன் பட்டறையில் இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டி அடிப்பதிலிருந்து வந்த சொல். அவர்களும் தட்டுகிறார்கள், நாமும் கொட்டுகிறோம். இதை ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், நம் ஆட்கள் யாரும் அதற்குப் பிறகு அந்தக் குறிப்பை எழுதுவதில்லை. ஆங்கிலத்தில் 'யெஸ்' என்று படித்ததுதான் கோளாறு.

எதிர்மறைக் கேள்விகளிலும் இதே கதை. ஒருநாள் ஜப்பானியப் பொறியாளர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நம்மவரிடம், வரைபடம் வரவில்லையா என்று கேட்டார். நம்மவர் "யெஸ்" என்றார். பொறியாளர் உடனே திரும்பி வரைபடத்தை மறுபடி அனுப்பினார். நம்மவர் நன்றி சொன்னார். எல்லாம் சுமுகமாக முடிந்தது. ஆனால் பக்கத்தில் அமெரிக்காவில் படித்து வளர்ந்த ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருந்தார். அவர் பதறிப்போனார். "யெஸ் என்றால் வந்துவிட்டது என்று அர்த்தம், எதற்கு மறுபடி அனுப்புகிறீர்கள்?" என்று இருவரையும் நிறுத்தி வைத்து விசாரித்தார். "வரலையா?" என்று கேட்டால் "ஆமா, வரல" என்பது தமிழில் இயல்பு. ஜப்பானியத்திலும் அதுவே இயல்பு. ஆங்கில இலக்கணப்படி தப்பான ஒரு வாக்கியத்தில் அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சரியாகப் புரிந்துகொண்டார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கு மட்டும்தான் தலை சுற்றியது. எனக்குப் பிடித்த சம்பவங்களில் இது ஒன்று.

வேண்டாம் என்று சொல்வதில் ஜப்பானியர்கள் காட்டும் நாசூக்கு வெளிநாட்டவர்களுக்குப் பெரிய புதிர் என்று எழுதாத பயண நூல் இல்லை. தமிழர்களுக்கு அது ஏன் புதிராக இருக்க வேண்டும் என்று எனக்குப் புரிவதில்லை.

2020 ஜூலையிலிருந்து ஜப்பான் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு. அதனால் பணம் கட்டும் இடத்தில் பை வேண்டுமா என்று கேட்பார்கள். நம் பையன் ஒருவன் 'தைஜோபு' என்றால் ஓகே என்று ஒரு செயலியில் படித்திருந்தான். கடைக்காரப் பெண் கேட்டாள், இவன் தெளிவாக "தைஜோபு" என்றான். பை வரவில்லை. இரண்டு தண்ணீர் பாட்டில், தயிர், ரொட்டி, ஷாம்பு எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் நடந்து விடுதிக்கு வந்து சேர்ந்தான். "ஓகேன்னு சொன்னேன்க்கா, அப்பவும் தரல" என்றான்.

"நம்ம ஊர்ல யாராவது 'காபி போடட்டுமா'ன்னு கேட்டா, 'இருக்கட்டும்ங்க'ன்னு சொல்வோமே, போடச் சொல்றோமா, வேண்டாங்கிறோமா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் முழித்தான், பிறகு புரிந்துவிட்டது. 'தைஜோபு'வும் சரி, 'கெக்கோ'வும் சரி, நம் 'இருக்கட்டும்', 'பரவாயில்லைங்க' மாதிரிதான். ஏதாவது கொடுக்க வரும்போது சொன்னால் வேண்டாம் என்று பொருள்.

வியாபாரப் பேச்சிலும் அதே. 'ச்சொத்தோ...' என்று இழுத்தால் 'கொஞ்சம்...' என்று அர்த்தம், மீதியைச் சொல்ல மாட்டார்கள். 'முஸுகாஷீ' என்றால் 'கஷ்டம்'. "கொஞ்சம் கஷ்டம்ங்க" என்று கோயம்புத்தூரில் ஒரு முதலாளி சொன்னால் அது முடியாது என்பதுதான், எவ்வளவு கஷ்டம் என்று அளந்து பார்க்கக் கூடாது. ஆனால் ஆங்கிலத்தில் 'டிஃபிகல்ட்' என்று வந்ததும் நம்மவர்களே, "கஷ்டம்தானே, முடியும் என்கிறார்கள், இன்னும் அழுத்திக் கேட்போம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். விலை குறைப்புப் பற்றிப் பேசிய ஒரு கூட்டத்தின் முடிவில் அந்தத் தரப்பு மேலாளர் 'கென்தோ ஷிமாஸ்', அதாவது பரிசீலிக்கிறோம் என்றார். நம் தரப்பில் சந்தோஷமாகக் கைகுலுக்கி, தலைமை அலுவலகத்துக்கு நல்ல செய்தி அனுப்பிவிட்டார்கள். நான் மெதுவாகச் சொன்னேன்: "சார், பொண்ணு பார்த்துட்டு எழுந்திரிக்கும்போது 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்'னு சொல்லிட்டுப் போயிருக்காங்க." சார் முகம் மாறியது. உடனே அனுப்பிய செய்தியைத் திருத்தி அனுப்பினார்.

நாங்கள் தங்கிய சிறிய விடுதியை ஒரு வயதான அம்மா நடத்திவந்தார். குழுவிலேயே நல்ல பழக்கமுள்ளவர் என்று பெயர் வாங்கிய ஒருவர், தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அந்த அம்மாவுக்குக் குனிந்து வணங்கி "சயோனாரா" என்று சொல்லிவிட்டுப் போவார். முதல் நாள் அந்த அம்மா திடுக்கிட்டு, ஓடிப்போய் அவர் அறையைத் திறந்து பார்த்தாராம். பெட்டி இருந்தது. மறுநாளும் சயோனாரா. மூன்றாம் நாள் கணக்குப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். விடுதி பிடிக்கவில்லையா, சாப்பாட்டில் ஏதாவது குறையா என்று என்னிடம் கண் கலங்காத குறையாகக் கேட்டார்.

'சயோனாரா' நெடும்பிரிவுக்கான சொல். தினமும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் அதைச் சொல்வதில்லை. 'இத்தே கிமாஸ்' என்பார்கள். பிரித்தால் 'போய்' என்று ஒரு சொல், 'வருகிறேன்' என்று ஒரு சொல். வீட்டில் இருப்பவர் 'இத்தே ராஷ்ஷாய்' என்பார், 'போய்ட்டு வாங்க'. நம் வீட்டில் "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் அம்மா விடுவாளா? "போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்று வாசல் வரை வந்து திருத்துவாள். அந்த நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. மறுநாள் காலையில் அவர் 'இத்தே கிமாஸ்' என்றதும் அந்த அம்மா தெருமுனை வரை வந்து கையசைத்தார்.

சாப்பாட்டு விஷயம் தனி. எங்கள் குழுக்களில் சைவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு யாரோ 'நிகு' என்றால் இறைச்சி, 'நிகு நாஷி' என்றால் இறைச்சி இல்லாமல் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதைச் சொன்னால் கடைக்காரர் தலையாட்டிவிட்டு மீன் துண்டு மிதக்கும் கிண்ணத்தோடு வருவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆடு, மாடு, பன்றி, கோழிதான் பேச்சு வழக்கில் 'நிகு', மீன் அதில் சேராது. மீனை எடுத்துவிடச் சொன்னாலும் தீராது. அங்கே ரசம் மாதிரி எல்லாவற்றுக்கும் அடிப்படையாக 'தாஷி' என்று ஒரு சாறு உண்டு. பெரும்பாலும் சூரை மீனைப் புகைபோட்டுக் கட்டைபோல் உலர்த்தி, சீவி, வெந்நீரில் போட்டு இறக்குவார்கள். இலங்கைத் தமிழர்களிடம் சொன்னால் உடனே, "மாசிக்கருவாடுதானே" என்பார்கள். கிட்டத்தட்ட அதேதான், அதே மீன். காய்கறி மட்டும் போட்ட கூட்டில்கூட அந்தச் சாறு இருக்கும்.

'வெஜிடேரியன்' என்ற சொல்லை ஜப்பானில் இளைஞர்கள் அறிவார்கள். ஆனால் மீன் சாப்பிடுகிறவர், உடம்புக்காகக் காய்கறி அதிகம் சேர்க்கிறவர் என்று ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். நான் சைவர்களுக்கு வேறு சொல் சொல்லிக்கொடுக்கிறேன். 'ஷோஜின்'. புத்த மடங்களில் துறவிகள் சாப்பிடுகிற உணவு ஷோஜின் ர்யோரி. இறைச்சி, மீன் இரண்டும் கிடையாது, சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுப்பார்கள். வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்காத மரபு. நாம் 'சைவம்' என்று சமயத்தின் பெயரையே சாப்பாட்டுக்கு வைத்திருக்கிறோம், அவர்களும் தவத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். வயதான கடைக்காரரிடம் 'ஷோஜின் மாதிரி' என்றால் முகத்தில் ஒரு தெளிவு வரும், எதை எதை நீக்க வேண்டும் என்று அவரே விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். முடியாதென்றால் முடியாது என்றும் சொல்லிவிடுவார். இரண்டுமே நல்லதுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

ஒரு உதிரிபாகத்தின் மேற்பரப்பு சரியில்லை என்று இரண்டு தரப்புக்கும் வாக்குவாதம். ஆங்கிலத்தில் 'ரஃப்னஸ்', மைக்ரான், அளவுகோல் என்று ஒரு மணி நேரம் ஓடியது. அளவு எல்லைக்குள்தான் இருக்கிறது என்பது நம் தரப்பு. ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியாது என்பது அவர்கள் தரப்பு. ஏன் என்று ஆங்கிலத்தில் சொல்ல அவர்களுக்கு வரவில்லை. கடைசியில் பட்டறையிலிருந்து ஒரு மூத்த தொழிலாளியைக் கூட்டிவந்தார்கள். அவர் பாகத்தைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் தடவி, "ஸரஸர" என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த நம் ஓசூர் தம்பி, அதுவரை வாயே திறக்காதவன், எழுந்து வந்து வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, சொரசொரன்னு இருக்கு" என்றான்.

நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. அந்தப் பெரியவர் இன்னொரு பாகத்தை எடுத்துக் கொடுத்து "ட்ஸுருட்ஸுரு" என்றார். இவன் தடவிவிட்டு, "இது வழவழன்னு இருக்கு" என்றான். பெரியவர் 'வழவழ' என்று சொல்ல முயன்றார். ழ அவருக்கு வரவில்லை, ஆனால் விரல் சொன்னது இருவருக்கும் ஒன்றுதான். பிறகு இருவரும் இயந்திரத்துக்குப் போனார்கள். பெரியவர் மூடியில் கை வைத்து "கதகத" என்றார். "கடகடன்னு ஆடுது" என்றான் இவன். மூடியின் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. அதிர்வில் பாகத்தின் மேல் தடம் விழுந்திருக்கிறது. கூட்ட அறையில் ஒரு மணி நேரம் தீராதது பட்டறையில் பத்து நிமிஷத்தில் தீர்ந்தது.

நாம் பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி என்று ஒரு பாடம் படித்து, தேர்வு எழுதி, மறந்துவிடுகிறோம். ஜப்பானிய மொழியில் அது அன்றாடப் பேச்சின் உயிர்நாடி. மின்னுவது 'பிகபிக', நமக்குப் பளபள. குரல் கட்டிப்போனால் அவர்களுக்கும் 'கரகர'க் குரல்தான், முதல் எழுத்தைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்வார்கள், அவ்வளவே. இலை உரசுவது அவர்களுக்கும் நமக்கும் 'சரசர'தான். இதயம் 'தொகிதொகி' என்று அடித்தால் நமக்குத் திக்திக். எல்லாமே பொருந்திவிடும் என்று நினைக்கக் கூடாது. 'குஸுகுஸு' என்றால் அவர்களுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது, நமக்கோ காதோடு காதாகப் பேசுவது. ஆனாலும் இப்படிப் பேசுவது என்ற பழக்கமே நமக்கும் அவர்களுக்கும் பொது. ஆங்கிலத்தில் இதைக் குழந்தைப் பேச்சு என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் பேசும்போது நாமும் இவற்றை விட்டுவிடுகிறோம். அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது.

பல் டாக்டரிடம் நடந்ததைச் சொல்கிறேன். விருதுநகர்ப் பக்கத்துத் தம்பி ஒருவனுக்கு இரவெல்லாம் பல்வலி. காலையில் மருத்துவமனைக்குப் போனோம். நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, அவன் கைபேசிச் செயலியில் ஆங்கிலத்தில் வலி, ரொம்ப வலி, மிகவும் அதிகமான வலி என்று பேசிக்கொண்டிருந்தான். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். எவ்வளவு வலி என்பது அவருக்கு ஏற்கெனவே புரிந்துவிட்டது. எப்படிப்பட்ட வலி என்பதுதான் அவருக்கு வேண்டும். அவர் கேட்டது இது: 'ஸுகிஸுகி'யா, 'ஷிகுஷிகு'வா, 'சிகுசிகு'வா? செயலி மூன்றுக்கும் 'பெயின்' என்று ஒரே சொல்லைக் காட்டியது. தம்பி மூன்று முறையும் "யெஸ்" என்றான்.

நான் உள்ளே வந்து, "பல்லு எப்படிடா வலிக்குது, நம்ம ஊர்ல சொல்ற மாதிரி சொல்லு" என்றேன்.

"விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுக்கா."

"சுருக் சுருக்குன்னு குத்தலையே?"

"ஆமா, குத்தல. நாடி அடிக்கிற மாதிரி விண்ணு விண்ணுன்னு."

நாடித்துடிப்போடு சேர்ந்து தெறிக்கிற வலிதான் 'ஸுகிஸுகி'. 'சிகுசிகு' ஊசி குத்துவது. 'ஷிகுஷிகு' மந்தமாக விடாமல் படுத்துவது. டாக்டர் 'ஆ, ஸுகிஸுகி' என்று தலையசைத்து, பல்லின் உள்நரம்பில் அழற்சி என்று படம் எடுத்துக் காட்டினார். திரும்பி வரும்போது தம்பி வாய் மரத்துப்போய்ப் பேச முடியாமல் சைகையில் ஏதோ சொன்னான். மாலையில் மரப்பு தெளிந்ததும் கேட்டேன். "அவருக்கு விண்விண் புரியும்னு தெரிஞ்சிருந்தா ராத்திரியே போயிருப்பேன்க்கா" என்றான்.

இந்த ஒற்றுமைகளைப் பார்த்துவிட்டு இரண்டு மொழியும் ஒரே குடும்பம் என்று சொல்லத் தோன்றும். ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919-2008) அப்படி ஒரு கருத்தை முன்வைத்தார். தமிழறிஞர் பொற்கோ, யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதி போன்றவர்கள் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. நான் அந்த வழக்குக்குள் போக விரும்பவில்லை. வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூட உண்டு. பயணம் போகிறவருக்கு உறவுமுறை தேவையில்லை, வடிவம் ஒத்துப்போனால் போதும். 'சாப்பிட்டுப் பாருங்கள்' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நம்மவர்கள் 'ஈட் அண்ட் சீ' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானியத்தில் 'தபேதே மிதே' என்றால் அப்படியே சாப்பிட்டு, பார். யாரும் திருத்த மாட்டார்கள்.

எண்கள் விஷயத்தில் சிரிப்பு வராது, வேர்க்கும். ஜப்பானியர்கள் ஆயிரத்துக்கு மேல் பத்தாயிரத்தை ஓர் அலகாக எண்ணுவார்கள், அது 'மன்'. அடுத்த அலகு 'ஒகு', பத்துக் கோடி. நம்மவர்கள் லட்சத்தை மில்லியனாக்கி, மில்லியனை மன்னாக்கும் இடத்தில் ஒரு சுழியம் எங்காவது விழுந்துவிடும். ஒரு தடவை மூன்று ஒகு என்ற தொகை நம் திரையில் 30 மில்லியன் என்று வந்தது. பத்தில் ஒரு பங்கு. அந்தப் பக்கம் எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். இப்போது நான் குழுவில் எல்லோருக்கும் ஒரு சின்ன அட்டை தருகிறேன்: 1 லட்சம் 10 மன், 1 கோடி 1,000 மன், 10 கோடி 1 ஒகு. மில்லியன் அதில் எங்கேயும் கிடையாது.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் எழுத்தில் வல்லெழுத்துக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் தனித்தனி எழுத்து இல்லை. மேலே 'ஸுகிஸுகி', 'சிகுசிகு' என்று எழுதியிருக்கிறேனே, அந்தக் ககரங்களை நீங்கள் 'மகன்' என்பதில் வருவதுபோல் மென்மையாக வாசித்திருப்பீர்கள். அவை 'பக்கம்' என்பதில் வருவதுபோல் அழுத்தமானவை. கையேட்டில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு போகிறவர்கள் இங்கே மாட்டுவார்கள். எங்கள் குழுவில் ஒருவர் அறைச் சாவியைத் தொலைத்துவிட்டு, குறிப்பேட்டில் 'ககி' என்று இருந்ததைப் பார்த்து விடுதி அம்மாவிடம் கேட்டார். மென்மையான ககரம் வந்தால் சாவி. இவர் அழுத்திச் சொன்னார். அது சீமைப் பனிச்சைப் பழம். அந்த அம்மா சமையலறைக்குப் போய், தோல் சீவி, துண்டு போட்டு, தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் மரியாதைக்காகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி சாவி கேட்டார். இன்னொரு தட்டு வந்தது. அதனால் கிளம்புவதற்கு முன் ஹிரகானா எழுத்துகளைப் படித்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அடிப்படை எழுத்து 46தான், நம் 247-ஐப் படித்தவர்களுக்கு அது மலையல்ல. குறில் நெடிலும், ஒற்று இரட்டிப்பதும் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. மற்ற வெளிநாட்டவர்கள் தடுமாறும் இடம் அதுதான்.

இன்னொன்று, மரியாதை. வெளியாள் தொலைபேசியில் கேட்டால், சொந்த நிறுவனத்தின் பெரிய அதிகாரியைக்கூட, பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு ஒட்டும் 'சான்' சேர்க்காமல் வெறும் பெயரால்தான் சொல்ல வேண்டும் என்பது ஜப்பானிய வழக்கம். பணிவு தன்னோடு நிற்காது, தன் தரப்பு முழுவதற்கும் பரவும். நம்மிலும் "எங்க பையனுக்கு என்னங்க தெரியும்" என்று சொந்தப் பிள்ளையை வெளியாள் முன் தாழ்த்திச் சொல்கிற அம்மாக்கள் உண்டு. ஆனால் பெரியவர்களை அப்படிச் சொல்ல மாட்டோம். ஹமாமட்ஸு அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த திருச்சிப் பெண் ஒருத்தி இதைச் செய்ய முடியாது என்று மறுத்துவிட்டாள். "அவருக்கு எங்க அப்பா வயசுக்கா. மொட்டைப் பேரா எப்படிச் சொல்றது?" என்றாள். நான் எவ்வளவு விளக்கியும் அவளுக்கு நாக்கு எழவில்லை. எனக்கு அவள் மேல் மதிப்புதான் கூடியது.

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். தமிழில் எழுவாயைச் சொல்லாமலே பேசலாம், "இப்போ இடத்தில் இல்லீங்க, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்" என்றால் யார் என்று கேட்டவருக்குத் தெரியும். ஜப்பானியத்திலும் அப்படியே. 'ஸெகி ஒ ஹஸுஷிதே ஒரிமாஸ்', இருக்கையில் இல்லை, முடிந்தது. பெயரும் வேண்டாம், சானும் வேண்டாம். அங்குள்ள மூத்த பெண் ஊழியர் ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, இலக்கணப்படி குற்றமே இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார். இன்றுவரை அவள் தொலைபேசி எடுத்தால் அந்த அலுவலகத்தில் யாருக்கும் பெயர் கிடையாது.